சம்பந்தி முந்திப் போனார்

அந்தப் பின்சக்கரத்துக்கிட்ட பல்லுச் சக்கரம் அடுக்கடுக்கா இருக்குது பாருங்க, அதுல மட்டும் கயித்தைப் போட்டு இறுக்கிராதீங்க தம்பி. வெலை கூடுன சாமானாம், என்ற பையன் சொன்னான். எனக்கென்னமோ அந்தச் சைக்கிள் லாரியில இருந்து உருண்டு ஆத்துல விழுந்தாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் வராதுங்க. இருந்தாலும் பொருள் பொருள்தானுங்களே. ஆங், அப்படித்தான். தார்ப்பாய்க்கு உள்ளாற தள்ளிருங்க.

நாமக்கல் நெம்பரைப் பாத்ததும் எனக்கு உசுரே வந்துச்சுங்க. காலையில இருந்து இந்த மெயின் ரோட்டுல நின்னு கையக் காட்டறேன், ஒருத்தன் நிக்கோணுமே! தலையில சுரைக்குடுக்கை மாதிரி ஒரு தொப்பி, இடுப்புல இந்தக் கண்றாவி டவுசர். உக்கார்ற எடத்துல பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கறாங்க, பாத்துச் சிரிக்காதீங்க. எனக்கே என்னைப் பாத்தா வண்டியில ஏத்த மனசு வராது. மங்களூர்ல எறக்கி உட்டாப் போதுங்க, அங்கிருந்து நானு கோயமுத்தூருக்கு ரயிலப் புடிச்சுக்குவேன்.

நமக்கு கோபிச்செட்டிபாளையமுங்க. பேரு சென்னியப்பன். கோபி பஸ் ஸ்டேண்டுல எறங்கி அரிசி மில்லு சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா, கூடவே வந்து ஊட்டு வாசல்ல உட்டுட்டுப் போவாங்க. அப்பேர்ப்பட்ட ஆளு பாசை தெரியாத ஊர்ல ரோட்டோரமா நிக்கறேன். நேரம்.

'இந்த வயசுல எதுக்குங்க இத்தனை தூரம் சைக்கிள்ல'ன்னு கேக்க வர்றீங்க. மூஞ்சியிலயே தெரியுது. கேளுங்க, சொல்றேன். நீங்களும் தூங்காம ஓட்டோணுமில்ல.

டூருங்க, டூரு. ரயில்ல சைக்கிளை ஏத்தி, மராத்தி பேசற பக்கம் ரத்தினகிரிங்கற ஊர்ல எறங்கி, அங்கிருந்து கடலோரமாவே மால்வன்ங்கற ஊரு வரைக்கும் மிதிச்சுட்டு வரோணுமாம். அது சந்தோசமாம். என்ற பையன் தீபன் சொல்றான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை அவனுக்கு. ஞாயித்துக்கிழமையானா ஒரு கூட்டத்தைச் சேத்துக்கிட்டு சைக்கிள்லயே ஊட்டி போறது, வால்பாறை போறது. பஸ்ஸு போற எடத்துக்கெல்லாம் சைக்கிள்ல போறதுக்குப் பேரு சாதனை.

ஆனா விசயம் சைக்கிள் இல்லீங்க. விசயம் என்ற மருமக. மேகலான்னு பேரு. ஆனைமலைப் பக்கம் பொண்ணெடுத்தோம். அவ அப்பா பொங்கியண்ணன், தென்னந்தோப்புக்காரரு. ஒரே புள்ளை. அவரு சம்சாரம் கல்யாணத்துக்கு முந்துன வருசமே தவறிப் போச்சு. நல்ல மனுசன்தானுங்க, நானு இல்லைன்னு சொல்லலை. முறைதான் தெரியாது.

தலை ஆடி வந்துச்சு. ஆடி நோம்பிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்க வந்தாரு. எப்படி வந்தாருங்கறீங்க? ஒத்தை ஆளா. தட்டத்துல பழம், வெத்தலை பாக்கு, பூவு எல்லாம் இருக்குது. அதைப் புடிச்சுட்டு நிக்கறது மட்டும் ஒத்தை ஆளு. நானு என்னங்க சொன்னேன்? 'ஏனுங் சம்பந்தி, ஜோடியா வந்து அழைக்கறதுதானுங்களே முறை, ஒத்தையா வந்திருக்கறீங்களே'ன்னேன். வையலை, திட்டலை, சிரிச்ச மொகமாத்தான் சொன்னேன். 'பங்காளி ஒருத்தரையும் அவரு சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க, தாராளமாத் தாட்டி உடறோம்'னேன். அனுப்பி வெக்கறதைத்தானுங்க நாங்க அப்படிச் சொல்லுவோம், உங்களுக்குத் தெரியாததா. அவரும் சரிங்கன்னு தட்டத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போயி, மறுவாரம் தம்பியையும் தம்பி சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்தாரு. அவுங்க ரெண்டு பேரும் தட்டத்தைக் குடுத்தாங்க, இவரு பொறகால நின்னாரு. முறையா, அழகா நடந்துச்சு. அவருக்கே அதுல ஒரு வருத்தமும் இல்லைங்க. வருத்தம் இருந்தா காப்பி குடிச்சிருப்பாரா?

இந்தப் புள்ளைதான் மொத நாளு சமையக்கட்டுல இருந்து நானு சொன்னதைக் கேட்டிருக்குது. ஆடிக்குப் போனவ ஆவணியில வரோணும். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு, ஐப்பசி போச்சு. கார்த்திகை தீபமும் ஏத்தியாச்சு. மார்கழி பொறந்துட்டா நம்ம பக்கம் புள்ளைய அழைக்கவும் மாட்டோம், தாட்டவும் மாட்டோம். அப்புறம் தை மாசம். அது வரைக்கும் ஊர்ல எத்தனை பேருக்கு என்ன பதில் சொல்றது? பையன் சோத்துல கைய வெச்சுட்டு செவுத்தைப் பாத்து உக்காந்திருக்கறான். என்ற ஊட்டுக்காரி சரசு எங்கிட்டப் பேசறதையே கொறைச்சுட்டா. முந்தியும் அவ எச்சாப் பேச மாட்டா, இருந்தாலும் இது வேற.

பையன் ஆனைமலைக்குப் போயி அவகிட்டப் பேசியிருக்கறான். என்ன சொன்னாங்கறீங்க? 'உங்கப்பா எங்கப்பாவைப் பாத்து அவரு வாயால ஒரு வார்த்தை கூப்பிடட்டும், நானு வந்தர்றேன்.' அவ்வளவுதான். நானே அசந்து போனனுங்க. தனிக்குடித்தனம் கேக்கலை, சொத்துக் கேக்கலை. 'புள்ளையத் தாட்டி உடுங்க சம்பந்தி.' இத்தனைதான் நானு சொல்ல வேண்டியது. சொல்றதுக்கு எத்தனை நேரமாகும்?

ஆனா எங்க வெச்சுச் சொல்றதுன்னு இருக்குதில்லைங்களா? நானு அவரூட்டுக்குப் போனா, மாப்பிள்ளை ஊட்டுக்காரன் எறங்கிப் போயி நின்ன மாதிரி ஆகும். அவரு எங்கூட்டுக்கு வந்தா, மறுக்காவும் ஒத்தையா வந்து நிப்பாரு. நானு பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? அதுக்குத்தான் தீபன் இந்த யோசனையக் கண்டுபுடிச்சான். ரெண்டு ஊடும் இல்லாத பொது எடமா இருக்கோணும். 'உக்காத்தி வெச்சா நீங்க பஞ்சாயத்துப் பேசுவீங்கப்பா, சைக்கிள்ல போனா மூச்சு வாங்கும், பேச்சுக் கொறையும்'னான். அப்பனைப் பத்திப் புள்ளைக்கு எத்தனை மரியாதை பாருங்க. மால்வனுக்கு மேகலாவும் அவ சித்தப்பா மகனோட கார்ல வந்துருவா, அதுக்குள்ள வழியில எங்கயாச்சும் அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருங்கன்னான். சரின்னுட்டேன். புள்ளைக்காகத்தானுங்களே எல்லாம்.

ஐப்பசி பூரா வாய்க்கா கரையில ஓட்டிப் பழகுனேன். நம்மூர்ல மேடேதுங்க? தடப்பள்ளி வாய்க்கா பாலம் ஏறி எறங்குனா அதுதான் மேடு. இங்க வந்து பாத்தா, ரோட்டைப் போட்டவன் குடிச்சுட்டுப் போட்டானா என்னன்னு தெரியலை. ஒரு மலை ஏறோணும். ஏறுனா மேல செம்பாறைக் காடு, கீழ கடலு. ஏறியாச்சுன்னு மூச்சு உட்டா உடனே எறக்கம். எறங்குனா ஒரு ஆறு கடல்ல கலக்கற எடம், ஒரு பாலம், நாலு படகு. பாலத்தைத் தாண்டுனா மறுபடியும் மலை. நாள் முச்சூடும் இதே பொழப்பு. இதுல பையன் மேட்டு மேல நின்னுட்டு 'அப்பா, கடலப் பாருங்க, கடலப் பாருங்க'ங்கறான். நேத்துப் பாத்த அதே கடலுதானுங்க. நகரவா போகுது?

மொத நாளு மொத மேடு. பையன் முன்னால போயிட்டான், சாமானெல்லாம் அவன் வண்டியில. நானு நடுவுல. சம்பந்தி பொறகால. அது சரியான முறைதானுங்களே. தட்டம் மாத்தறதுல இருந்து பந்தியில எலை போடற வரைக்கும் மாப்பிள்ளை ஊட்டுக்காரன் முன்னால, பொண்ணூட்டுக்காரரு பொறகால. ரோட்டுக்கு மட்டும் வேற சட்டமா? நானு பாட்டுக்கு கியரை மாத்தி மாத்தி மிதிச்சுட்டு இருக்கறேன். சர்ருனு ஒரு சத்தம். திரும்பிப் பாக்கறேன், சம்பந்தி என்னைத் தாண்டிப் போறாரு!

தெரிஞ்சு பண்ணியிருந்தாக்கூட மன்னிச்சிருவனுங்க. அவரு பாட்டுக்கு கடலப் பாத்துட்டே போறாரு. என்னைத் தாண்டுனதே அவருக்குத் தெரியலை. நானு அங்க இருக்கறதே தெரியலைங்கறதுதானுங்களே அதுக்கு அர்த்தம்?

மேல போயி நின்னுட்டு, நானு நாக்குத் தள்ளிட்டு வர்றதை உச்சியில இருந்து பாத்துட்டே இருந்தாரு. கையில தண்ணிப் பாட்டிலு, மூடியக் கூடத் திறந்து வெச்சிருக்கறாரு. 'குடிங்க சம்பந்தி'ங்கறாரு. எத்தனை நக்கலு! நானு குடிக்கலையே. 'சம்பந்திக்கு ரொம்ப அவசரம் போல'ன்னு ஜாடையா ஒரு வார்த்தை சொன்னேன். புத்திசாலி மனுசன், மூஞ்சி வாடிப் போச்சு. அப்போ இருந்து என்ற பொறகாலதான் வந்தாரு. நானு எறங்கித் தள்ளுனா அவரும் எறங்கித் தள்ளுவாரு. நானு எளநிக் கடையில நின்னா அவரும் நிப்பாரு. பாவம், வயசாச்சு, மொத மேட்டுலயே தெம்பெல்லாம் தீந்து போச்சுன்னு எனக்கு ஒரு பக்கம் எரக்கமாத்தான் இருந்துச்சு.

சாயங்காலமானா பையன் வந்து காதுல கேப்பான், 'சொல்லிட்டீங்களாப்பா?' மொத நாளு எப்படிச் சொல்றது, முந்துன அன்னைக்கேவா? அதைச் சொன்னா முந்துனதுக்குப் பரிசு குடுத்த மாதிரி ஆகும். மறுநாளு சொல்லலாம்னு பாத்தா மனுசன் சாப்பிட்டுட்டு இருந்தாரு. எச்சக் கையோட இருக்கறவருகிட்ட எப்படிப் பொண்ணை அழைக்கறது? அதுக்கு மறுநாளு ராகு காலம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சுங்க, நானு சும்மா தள்ளிப் போடலை.

அப்புறந்தான் வழி தப்புச்சு. விஜயதுர்க்கம்னு ஒரு ஊரு, அதுக்கு இந்தப் பக்கம் ஒரு எடத்துல ரோடு ரெண்டாப் பிரியுதுங்க. ஒண்ணு மேல ஏறுது, ஒண்ணு கீழ எறங்குது. புத்தியுள்ளவன் எதுல போவான்? நானு கீழ உட்டேன். பொறகால இருந்து சம்பந்தி, 'மாப்பிள்ளை மேல போன மாதிரி இருந்துச்சுங்க சம்பந்தி'ன்னாரு. காதுல உழுந்துச்சு. ஆனா முன்னால போற மனுசன், பொறகால வர்றவரு சொன்னாருன்னு பிரேக்கைப் புடிச்சா நல்லாவா இருக்கும்? நானு பாட்டுக்குப் போனேன். அவரும் கூடவே வந்தாரு.

எறக்கம்னா எறக்கம், அப்படியொரு எறக்கம். மாந்தோப்பு வழியா, செங்கல்லுச் செவுத்துக்கு நடுவால, காத்துல தொப்பி பறக்குது. கீழ போயிப் பாத்தா ரோடு முடிஞ்சு போச்சு. நாலு குடிசை, கவுத்துப் போட்ட படகு, கருவாடு காயுது, அந்தாண்ட கடலு. ரெண்டு பக்கமும் பாறை. அங்க கருவாடு திருப்பிட்டிருந்த பொம்பளை எங்களைப் பாத்து என்னமோ கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. பாசை புரியலைன்னாலும் என்ன கேட்டுதுன்னு புரியுதுங்களே.

சரி, ஒரு மூச்சு உக்காந்துட்டு ஏறலாம்னு அந்தப் படகோரமா நெழல்ல உக்காந்தோம். அவரும் நானும் மட்டும். அப்பச் சொல்லிரலாம்னுதான் வாயெடுத்தனுங்க, சத்தியமா. ஆனா அதுக்கு முன்னால வழி தப்புனது யாராலன்னு ஒரு முடிவு பண்ணிக்கோணுமில்லைங்களா? 'பொறகால வர்றவங்க ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே சம்பந்தி'ன்னேன். 'குடுத்தனுங்க'ன்னாரு. 'மெல்லக் குடுத்திருப்பீங்க'ன்னேன். 'ஆமாங்க, மெல்லத்தான் சொன்னேன், சத்தமாச் சொல்லியிருக்கோணும், மன்னிச்சுக்குங்க'ன்னுட்டாரு. அத்தோட அந்த விசயம் முடிஞ்சுது.

அப்புறம் அவரு கடலையே பாத்துட்டு இருந்தாரு. 'என்ற சம்சாரம் கடலையே பாக்காமப் போயிட்டாளுங்க சம்பந்தி'ன்னாரு. 'ராமேசுரம் போலாம், ராமேசுரம் போலாம்னு வருசா வருசம் சொல்லிட்டே இருந்தேன். தேங்கா போடற நாளு, தண்ணி கட்டற நாளுன்னு தள்ளிப் போயிருச்சு. இங்க வந்ததுல இருந்து எந்த மேட்டுல ஏறிப் பாத்தாலும் அவ நெனப்புத்தான் வருது'ன்னு துண்டுல மூஞ்சியத் தொடைக்கறாரு. எனக்குக் கைகால் ஓடலைங்க. ஒரு ஆம்பளை அழுதா எனக்கு ஆகாது. ஆறுதலா எதாச்சும் சொல்லோணுமில்ல? 'உடுங்க சம்பந்தி, கடல்ல என்ன கெடக்குது, வெறும் உப்புத் தண்ணி. அப்படிக் காட்டோணும்னு இருந்திருந்தா உசுரோட இருக்கறப்பவே கூட்டிட்டுப் போயிருக்கோணும்'னேன். உள்ளதைத்தானுங்களே சொன்னேன்?

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. கோவமெல்லாம் இல்லை. 'ஆமாங்க'ன்னாரு. எந்திரிச்சுச் சைக்கிளை எடுத்துட்டாரு. பரவால்ல, மனுசன் தேறிட்டாருன்னு நெனச்சேன்.

ஏறயில பாதி மேட்டுல எனக்குக் கெண்டைக்கால் சதை புடிச்சுருச்சுங்க. அப்படியே ரோட்டுல உக்காந்துட்டேன். பொங்கியண்ணன் வந்து முட்டி போட்டு உக்காந்து காலைப் புடிச்சு நீவி உட்டாரு. அப்புறம் என்ற சைக்கிளை ஒரு கையில, அவரு சைக்கிளை ஒரு கையில புடிச்சுத் தள்ளிட்டு மேல ஏறுனாரு. நானு வெறுங்கைய வீசிட்டு முன்னால நடந்து வந்தேன். திரும்பிப் பாத்தேன், வேர்த்து ஊத்துது மனுசனுக்கு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க. சீர்த் தட்டம் சொமந்து வர்ற மாதிரி ஒரு காட்சி. இந்தப் பணிவு இத்தனை நாள் எங்கிருந்துச்சு? அப்பத்தான் முடிவு பண்ணேன், சொல்லிரலாம்னு. சும்மா ரோட்டோரத்துல சொல்லக் கூடாது. மால்வன்ல வெச்சு, மருமக முன்னால, பையன் முன்னால, எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லோணும். அன்னைக்குச் சாயங்காலம் பையங்கிட்டச் சொன்னேன். அவன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டானுங்க. அவன் என்னைக் கட்டிப் புடிச்சு எத்தனை வருசமாச்சு. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

நேத்து மால்வனுக்கு வர்ற வழி பூரா அதையே மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டு வந்தேன். நானு மொதல்ல போயி எறங்குவேன். தொப்பியக் கழட்டுவேன். புள்ளை கால்ல உழுகும், ஆசீர்வாதம் பண்ணுவேன். அதுக்குள்ள சம்பந்தி பொறகால வந்து நிப்பாரு. நானு திரும்பி, 'புள்ளையத் தாட்டி உடுங்க சம்பந்தி'ம்பேன். குரலை எங்க எறக்கிச் சொல்றது, எங்க ஏத்திச் சொல்றதுன்னு எல்லாம் தயாரு.

கடைசி வளைவு திரும்பியாச்சு. நாங்க தங்கற ஊடு தெரியுது. வாசல்ல தென்னை மரத்துக்கடியில மேகலா நிக்கறா, கண்ணுக்கு மேல கைய வெச்சுட்டு ரோட்டையே பாக்கறா. நானு முதுகை நிமுத்தி உக்காந்தேன். அப்பத்தானுங்க அந்தச் சத்தம். சர்ருனு. என்ற தோளை உரசற மாதிரி.

முந்திப்போட்டாருங்க தம்பி! அத்தனை நாளும் பொறகால வந்த மனுசன், கடைசி நிமிசத்துல, எல்லாரும் பாக்கற எடத்துல முந்திப் போயிட்டாரு. போன மனுசன் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. அப்படியே ரோட்டுல போட்டுட்டு ஓடிப் போயி, புள்ளை மூஞ்சிய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. ஆனைமலையில தெனமும் பாக்கற புள்ளைதானே? ஒரு வாரத்துல அப்படியென்ன ஏக்கம்? நானு நடுரோட்டுல ஒரு காலை ஊனிட்டு நிக்கறேன், என்னைப் பாக்க நாதியில்லை. மூளையில இருந்த ஒத்திகையெல்லாம் கலைஞ்சு போச்சு.

கேட்டேன். கேக்காம உடுவனா? 'இதுதான் உங்கூட்டு முறையா சம்பந்தி?'ன்னேன்.

முன்னாலயே வந்து சேந்துட்ட தீபன் குறுக்க வர்றான். 'அப்பா, அவரு புள்ளையப் பாத்து ஓடுனாரு. உங்களை முந்தறதுக்கு ஓடலை'ங்கறான். அது எப்படிங்க? எதுக்கு ஓடுனா என்ன, நானு பொறகால நின்னனா இல்லையா?

ஆனா சம்பந்தி பெருந்தன்மையான மனுசன், அதை நானு சொல்லியே ஆகோணும். கையெடுத்துக் கும்புட்டாரு. 'புள்ளையப் பாத்ததும் தெரியாம முந்திப்போட்டனுங்க சம்பந்தி. தப்புத்தான். மனசுல வெச்சுக்காதீங்க'ன்னாரு. நானு ஊனுன காலை எடுக்காம நின்னேன். என்ற மூஞ்சியப் பாத்தாரு, பையன் மூஞ்சியப் பாத்தாரு, புள்ளை மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம், 'வேணும்னா அந்த வளைவுக்குத் திரும்பப் போயி உங்க பொறகால வர்றனுங்க'ன்னாரு.

எனக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுதுங்க. நடந்த தப்பைத் திருத்திக்கறதுக்கு ஒரு வழி அவரே சொல்றாரு, வேண்டாம்னா அது மரியாதையா? சரின்னேன். 'அப்பா, வேண்டாம்பா, என்னப்பா இது'ன்னு பையன் கத்தறான். சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும். நாங்க ரெண்டு பெரியவங்களும் சைக்கிளைத் திருப்பிட்டு வளைவுக்குப் போனோம். அங்கிருந்து நானு முன்னால, அவரு பொறகால. அவரு சைக்கிள் கீழ போட்டதுல சங்கிலி கழண்டிருந்துச்சு, அதனால அவரு தள்ளிட்டே நடந்து வந்தாரு. நானும் அவருக்காக மெதுவாத்தான் ஓட்டுனேன். மனுசனுக்கு மனுசன் அது கூடவா செய்ய மாட்டோம்?

வாசலுக்கு வந்தேன். எறங்குனேன். தொப்பியக் கழட்டுனேன். திரும்பி நின்னு, அவரு வந்து நிக்கற வரைக்கும் பொறுத்திருந்து, கணீர்னு சொன்னனுங்க. 'புள்ளையத் தாட்டி உடுங்க சம்பந்தி.'

சொல்லிப்போட்டேன்! அந்த வார்த்தை, அச்சு மாறாம, ஒரு எழுத்து கொறையாம. பக்கத்தூட்டு ஓட்டல்காரன் கூட எட்டிப் பாத்தான். சம்பந்தி கண்ணுல தண்ணி. 'சரிங்க, சரிங்க, கூட்டிட்டுப் போங்க'ங்கறாரு.

அந்தப் புள்ளை உள்ள போச்சு. வரும்போது கையில பெட்டி. எனக்கு எத்தனை சந்தோசம்! நம்ம சாமானோட எங்க வெக்கறதுன்னு பாக்கறேன், அவ பாட்டுக்கு என்னைத் தாண்டிப் போயி அவ சித்தப்பா மகன் கார்ல வெக்கறா. அது ஆனைமலைக்குப் போற காருங்க. 'என்ன அம்மிணி, அதான் கூப்பிட்டுட்டனே'ன்னேன். அவ நின்னா. 'கேட்டுதுங்க மாமா'ன்னா. 'நீங்க கூப்பிட்டதும் கேட்டுது. எங்கப்பா சைக்கிளைத் தள்ளிட்டு வந்ததையும் பாத்தேன்'னா. அவ்வளவுதான். சத்தம் போடலை, அழுகலை.

இப்ப நீங்களே சொல்லுங்க தம்பி. கேட்ட வார்த்தையச் சொல்லியாச்சு. எடம் தப்பா? ஆளு தப்பா? சொன்ன சொல்லை மீறுனது யாரு, நானா அவளா?

பையன் இருக்கறானே, அவன் இன்னொண்ணு சொல்றான். அந்தப் பெட்டி கோபிக்கு வர்றதுக்குன்னே கட்டிட்டு வந்த பெட்டியாம். வார்த்தையெல்லாம் வேண்டாம், மாமா எங்கப்பாகூட இத்தனை தூரம் வந்ததே போதும்னு நெனச்சுத்தான் கெளம்பி வந்தாளாம். 'நீங்க எறங்கி ஒண்ணுமே பேசாம உள்ள வந்திருந்தாக்கூட அவ நம்மகூட வந்திருப்பாப்பா'ங்கறான். அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? சொல்லியிருந்தா நானும் பேசாம இருந்திருப்பனில்ல?

அப்புறம் அவனும் அந்தக் கார்லயே ஏறிட்டான். 'நானு ஆனைமலையில கொஞ்ச நாளைக்கு இருக்கறேம்ப்பா'ன்னான். கொஞ்ச நாளுன்னா எத்தனை நாளுடான்னு கேட்டேன். தெரியலைன்னான். 

சம்பந்திதான் பாவம், அந்தப் புள்ளைகிட்டக் கெஞ்சுனாரு. 'போ கண்ணு, மாமா கூப்பிட்டாருல்ல, போ'ன்னு. அவ 'நீங்க கார்ல ஏறுங்கப்பா'ன்னுட்டா. அவரு எங்கிட்ட வந்து, 'தனியா எப்படிப் போவீங்க, எங்ககூடவே வந்துருங்க சம்பந்தி'ன்னாரு. பொண்ணூட்டுக்காரரு கார்ல, அதுவும் பின் சீட்டுல! நானே போய்க்குவேன்னேன். ரெண்டாந்தரம் கூப்பிட்டா ஏறிக்கலாம்னுதான் நின்னேன். கூப்பிட வாயெடுத்தாரு, புள்ளை கதவைச் சாத்திட்டா. பையன் கண்ணாடியை எறக்கி 'பாத்துப் போங்கப்பா'ன்னான். வண்டி போயிருச்சு.

விடியக்காலையில மால்வன்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் நானே மிதிச்சுட்டு வந்தனுங்க. மேடுதான். பொறகால யாரும் இல்லை. எறங்கித் தள்ளயில ரெண்டு தரம் திரும்பித் திரும்பிப் பாத்தேன், பழக்கதோசம்.  

இருங்க தம்பி, போனு. ஊட்டுக்காரிதான். நேத்துல இருந்து அடிச்சுட்டே இருக்கறா, எடுக்கலை. எடுக்கலைன்னா பயந்துக்குவா. கொஞ்சம் அந்தப் பாட்டைக் கொறைங்க.

அலோ. ஆ, சரசு. சொல்லு. ... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ... காலெல்லாம் ஒண்ணுமில்லை. ... சொல்லிட்டேன். ... ஆமா, அவரைப் பாத்தேதான் சொன்னேன், மருமக முன்னாலயே. நம்பாட்டி எல்லாரையும் கேட்டுப்பாரு. ... என்னது? ... அந்த ரூமெல்லாம் கழுவி உட்டுட்டயா? ... மெத்தையும் வெயில்ல போட்டயா. ... சரி. ... பாயசமா? ... இல்லை, இப்ப எங்கூட இல்லை, போனைக் குடுக்க முடியாது. ... ஒண்ணுமில்லைங்கறன்ல, அழுகறயா நீ, சந்தோசத்துக்கு எதுக்குப் புள்ள அழுகோணும். ...

இல்லை சரசு, அவுங்கெல்லாம் முன்னால போயிட்டாங்க. நானு பொறகால வந்துட்டு இருக்கறேன்.